ஆவி அடங்காத வடையை டப்பாவில் அடைக்காதீர்கள்

ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து எடுத்து வரலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்ததும், "பஜ்ஜி என் பொறுப்பு" என்று ஒருவர் முந்திக்கொள்வார். தயவுசெய்து வேண்டாம். வாழைக்காய் பஜ்ஜிக்கு ஆயுள் பத்து நிமிஷம். உள்ளே இருப்பது ஈரமான காய், மேலே இருப்பது மெல்லிய கடலைமாவுச் சட்டை. ஆற ஆறக் காயின் ஈரம் மாவுக்கு ஏறி, அரை மணி நேரத்தில் சட்டை தொளதொளத்துத் தனியாகக் கழன்று வரும். மெதுவடையும் அப்படித்தான். சுடச்சுட அமிர்தம், ஆறினால் ரப்பர்.

வெளியே கொண்டுபோகும் பலகாரத்தை அடுப்படியில் நின்று ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்றை எடுத்துத் தனியே வைத்து, 3 மணி நேரம் கழித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் இன்னொன்று கேட்கிறதா? அந்தப் பரீட்சையில் எப்போதும் தேறுகிறவை என்று மூன்றைச் சொல்வேன்: மசால் வடை, காரக் குழிப்பணியாரம், கறியை மெல்லிய ரொட்டியில் மடித்துப் பொரிக்கும் இலங்கை ரோல்ஸ். ரோல்ஸில் கறி இருப்பதால் அதற்கு மட்டும் இந்தப் பரீட்சையை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. மூன்றுமே வயிற்றில் நிற்கும், கையால் எடுத்துச் சாப்பிடலாம், தட்டு கழுவும் வேலை இல்லை.

மசால் வடைக்கு அரை கிலோ கடலைப்பருப்பு. ஊற 2 மணி நேரம் போதும். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டால் பருப்பு தண்ணீர் குடித்துப் பெருத்துவிடும், அரைத்தால் கூழாகும், கூழ் எண்ணெய் குடிக்கும். நகத்தால் கிள்ளினால் பருப்பு 'டக்'கென்று உடையணும், மசியக்கூடாது. வடிதட்டில் கொட்டி 20 நிமிஷம் அப்படியே விடுங்கள். இந்த 20 நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் பிறகு மாவு தளர்ந்துவிட்டது என்று அரிசி மாவைத் தேடுகிறார்கள். ஒரு கைப்பிடி பருப்பை முழுசாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை 6 காய்ந்த மிளகாய், 2 டீஸ்பூன் சோம்பு, ஒரு விரல்கணு இஞ்சி, 6 பல் பூண்டு, ஒரு சின்னத் துண்டு பட்டையோடு சொட்டுத் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு அடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலில் பருப்பு நெருடணும். முழுப் பருப்பைக் கலந்துவிடுங்கள்.

வெங்காயத்தில்தான் சூட்சுமம். உடனே சாப்பிடுகிற வடைக்கு கால் கிலோ சின்ன வெங்காயம் போட்டாலும் ஜோர். எடுத்துப்போகிற வடைக்கு 100 கிராமைத் தாண்டாதீர்கள். வெந்த பிறகும் வெங்காயம் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், வடை நடுவில் சொதசொதவென்று ஆகும். குறைத்த வெங்காயத்துக்கு ஈடாகக் கறிவேப்பிலையையும் புதினாவையும் தாராளமாகக் கிள்ளிப் போடுங்கள். உப்பு ஒன்றரை டீஸ்பூன். உப்பையும் வெங்காயத்தையும் எண்ணெய் காய்ந்த பிறகுதான் மாவில் சேர்க்கணும். முன்னாடியே போட்டால் உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்துவிடும். ஒரே தடவையில் மொத்த மாவுக்கும் போடாமல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கலப்பது இன்னும் நல்லது.

எலுமிச்சை அளவு உருட்டி, விளிம்பு மெலிந்தும் நடு லேசாக உப்பியும் தட்டினால் 30 வடைக்குக் குறையாமல் வரும். ஒரு கிள்ளு மாவைப் போட்டால் அடியில் ஒரு கணம் இருந்துவிட்டு மெதுவாக மேலே வரணும், அதுதான் எண்ணெய்ப் பதம். போட்டவுடன் மேலே துள்ளி வந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு ஈட்டுக்கு 5, 6 போதும். சட்டியை நிறைத்தால் எண்ணெய்ச் சூடு இறங்கி வடை எண்ணெயைக் குடிக்கும். மிதமான தீயில் 4, 5 நிமிஷம், சலசலப்பு நன்றாக அடங்கும்வரை. சத்தம் அடங்குவதற்குள் எடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஈரம் வழியில் வேலையைக் காட்டும்.

எடுத்த வடையை ஹாட்பேக்கில் போட்டு மூடுவதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய அநியாயம். சூடாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆவி மூடியில் முட்டி, நீராகி, அதே வடை மேல் சொட்டும். ஹாட்பேக் இட்லிக்குப் பிறந்தது, வடைக்கு அல்ல. அகலமான சல்லடையிலோ மூங்கில் தட்டிலோ ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி 40 நிமிஷம் ஆறவிடுங்கள். புறங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. பிறகு ஆழமான தூக்கைத் தவிர்த்து, தட்டையான சம்படத்தில் இரண்டே அடுக்கு. மூடிக்கு அடியில் நாலாக மடித்த பருத்தித் துணி. மிச்சமிருக்கும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அச்சு மை எண்ணெயோடு ஊறி உள்ளே போகும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016லேயே எச்சரித்திருக்கிறது. போன இடத்தில் மைக்ரோவேவில் வைத்தால் வடை தோலாகிவிடும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மூடாமல், பக்கத்துக்கு 2 நிமிஷம் போதும்.

குழிப்பணியாரத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அது மெத்தென்று இருக்கவேண்டிய பண்டம், ஆவி பட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. லேசாகப் புளித்த தோசை மாவு ஒரு லிட்டர் எடுத்தால் 40 வரும். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, 2 வெங்காயம், 4 பச்சை மிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் போட்டு வதக்கி ஆறவைத்து மாவில் கொட்டுங்கள். சூட்டோடு கொட்டினால் மாவு அங்கங்கே வெந்து கட்டி தட்டும். குழிக்கு முக்கால் அளவு மாவு, அரை டீஸ்பூன் நல்லெண்ணெய், தீ சின்னதாக.

தேங்காய்ச் சட்னியை மட்டும் கூடவே கட்டாதீர்கள். நம் வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். கடைசிச் சொட்டுத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வதக்கிய தக்காளித் தொக்கு எடுத்துப் போகலாம். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். ஆறிய பணியாரத்தை அகலப் பாத்திரத்தில் போட்டு, 4 டேபிள்ஸ்பூன் இட்லிப்பொடி, 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு உடையாமல் குலுக்கிவிடுங்கள். சட்னிக் கிண்ணம் காரில் கவிழும் பயமே கிடையாது.

ரோல்ஸ் கொஞ்சம் வேலை வாங்கும். ஆனால் அசைவம் கேட்கும் கூட்டத்துக்கு இதை விட்டால் ஆளில்லை. டொரொண்டோ பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் தட்டுத் தட்டாக வாங்கிக்கொண்டு போவது சும்மா இல்லை. ரஸ்க் தூள் ஒட்டிய மேல்தோல் காய்ந்த பண்டம் என்பதால் மொறுமொறுப்பைச் சீக்கிரம் விடாது. கால் கிலோ மைதா, ஒரு முட்டை, அரை டீஸ்பூன் உப்பு, அரை லிட்டர் தண்ணீர். மெல்லிய 8 அங்குல ரொட்டிகளாக 12 வரும். ஊற்ற ஊற்ற ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், காய்ந்தால் மடிக்கும்போது வெடிக்கும். உள்ளே 350 கிராம் எலும்பில்லாத ஆட்டுக்கறி வேகவைத்துப் பொடியாக நறுக்கியது, 400 கிராம் உருளைக்கிழங்கு, வெங்காயம், கொஞ்சம் தூக்கலாக மிளகுத்தூள். கறி குழம்பாக நிற்கக்கூடாது, சட்டியில் ஒட்டாமல் உருளும்வரை வற்றணும், பிறகு முழுசாக ஆறணும். சூடான கறியை மடித்தால் உள்ளே ஆவி கட்டி, எண்ணெயில் வாய் பிளந்துகொள்ளும். ஓரத்தை மைதாப் பசை தடவி ஒட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பொரியுங்கள். தூள் உதிராது. உள்ளே எல்லாம் வெந்ததுதான், மேல் நிறம் வந்தால் எடுத்துவிடலாம். பொரிக்காமல் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

ஒரே எச்சரிக்கை: கறியும் முட்டையும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. சித்திரை வெயிலில் 3 மணி நேரம் பஸ்ஸில் போகிறவர் ரோல்ஸை மறந்துவிட்டு வடையைக் கட்டுங்கள்.

சுண்டல்? தாராளமாக. தேங்காயை மட்டும் தனிப் பொட்டலமாகக் குளிர்ச்சியில் கொண்டுபோய்ப் பரிமாறும்போது தூவுங்கள்.

அளவு பலருக்கும் குழப்பம். பின்னாடியே சாப்பாடு இருந்தால் தலைக்கு எல்லாம் சேர்த்து 4 உருப்படி, டீயோடு முடிகிற கூட்டம் என்றால் 7. இரண்டு வகைக்கு மேல் போகாதீர்கள். 25 பேர் டீக்கு வந்தால் 75 வடை, 100 பணியாரம், அதாவது ஒன்றேகால் கிலோ பருப்பு, இரண்டரை லிட்டர் மாவு. பணியாரத்தை முதலில் சுட்டுவிடுங்கள். வடை கடைசி ஈடு சட்டியை விட்டு இறங்கியதிலிருந்து கிளம்ப ஒரு மணி நேரமாவது இருக்கணும், அந்த 40 நிமிஷ ஆறலுக்கும் சேர்த்து. சம்படத்தைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள், வெயிலில் டிக்கி அடுப்பாகி மறுபடியும் மூடி வியர்க்கும். கால்மாட்டில், ஏசி படுகிற இடத்தில் தட்டையாக வையுங்கள்.