காசு சுண்டற சத்தம்

போன வாரம் ரூமுக்கு வந்த ஃப்ரெண்டு ஒருத்தன் நான் கம்ப்யூட்டர்ல ஹாரர் கேம் விளையாடறதை அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு "என்ன மச்சான் இது, இத்துனூண்டு பொம்மை நடக்குது, சண்டைன்னா ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு மாத்தி மாத்தி அடிச்சுக்கறாங்க, இதுல எங்கடா பயம்"னு கேட்டான். பதில் சொல்லல. அந்த நேரத்துல என் கேரக்டருக்கு கால்ல இன்ஃபெக்‌ஷன், பச்சிலை தீந்துபோச்சு, பையில மிச்சம் இருந்தது எலும்பு அறுக்கற ரம்பம் ஒண்ணுதான். அறுத்தா உயிர் தங்கும், ஆனா கால் கடைசி வரைக்கும் திரும்பி வராது, அதுக்கப்புறம் எதுவும் துரத்தினா ஓட முடியாது. அறுக்காம விட்டா எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது, அதுக்குள்ள எங்கயாவது பச்சிலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போலாம். மெனுவைத் திறந்து வெச்சுட்டு பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். கேம் என்னை அவசரப்படுத்தவே இல்ல. அதுதான் கொடுமை. அவன் கேட்டதுக்கு இங்க நிதானமா பதில் எழுதலாம்னு தோணுச்சு.

கேம் பேரு ஃபியர் அண்ட் ஹங்கர். ஃபின்லாந்துக்காரர் மீரோ ஹாவெரினென் பெரும்பாலும் தனியாவே உக்காந்து ஆர்பிஜி மேக்கர்ங்கற கேம் செய்யற மென்பொருள்ல செஞ்சு 2018ல வெளியிட்டது.

ஆர்பிஜின்னாலே, அதாவது ஒரு கேரக்டரா கதைக்குள்ள போய் விளையாடற ரோல் பிளேயிங் கேம்னாலே, நமக்கு ஊறிப்போன கணக்கு ஒண்ணு இருக்குல்ல, எதிரியை அடி, எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வாங்கு, லெவல் ஏத்து, நேத்து உன்னை ஓட ஓட விரட்டினது இன்னைக்கு ஒரே அடியில விழும். உழைச்சா பலம் வரும், இதுதான் அந்த வகை கேம் காலங்காலமா நமக்குக் குடுக்கற வாக்கு. ஹாரர் ஆர்பிஜில நல்லதா வந்ததெல்லாம் இந்த வாக்குலதான் கை வெக்குது, என் கருத்து இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம். ஃபியர் அண்ட் ஹங்கர்ல சண்டை போட்டா எக்ஸ்பி கிடையாது. ஜெயிச்சாலும் கை நிறைய ஒண்ணும் வராது, ஆனா கையே போயிடலாம். முதல்ல எதிர்ல வர்ற காவக்காரன் கிட்ட சண்டை போடும்போது அவன் உடம்பு மொத்தமா ஒரு எச்பி (உயிர் அளவு) பட்டையா இருக்காது, தலை, உடம்பு, ஒவ்வொரு கை, ஒவ்வொரு கால்னு தனித்தனியா இருக்கும், எதை வெட்டணும்னு நீங்கதான் சொல்லணும். தலைக்குக் குறி வெச்சா பெரும்பாலும் அடி தப்பும். அதனால ஆயுதம் வெச்சிருக்கற கையைத்தான் முதல்ல எடுக்கணும்னு நாலஞ்சு தடவை செத்த பிறகு புரியும். அதே விதி நமக்கும். நம்ம கேரக்டருக்கு கை போனா போனதுதான், ரெண்டு கையால பிடிக்கற வாளு அதுக்கப்புறம் பையில சும்மா கிடக்கும். ரெண்டு காலும் போனா தவழ்ந்து போகணும்.

அப்புறம் அந்தக் காசு. சில எதிரிகள் ஒரு குறிப்பிட்ட அடி அடிக்கும்போது திரை நின்னுடும், பூவா தலையான்னு கேக்கும். தப்பா சொன்னா அங்கயே சாவு, எச்பி எவ்வளவு இருந்தா என்ன. சேவ் பண்ணணும்னு கட்டில்ல படுத்தாலும் காசு சுண்டும், தப்பா விழுந்தா சேவ் ஆகாது. முதல் தடவை அந்த கட்டிலைப் பாத்தப்போ அப்பாடான்னு ஓடிப் போய் படுத்தேன், ரெண்டு மணி நேரம் விளையாடினது, காசு சுழலுது, ஒரு சின்ன சத்தம் வரும், அந்த சத்தம் இப்பவும் காதுல இருக்கு. சேவ் ரூம்னா நிம்மதின்னு முப்பது வருஷமா கேம்கள் நமக்குக் கத்துக் குடுத்திருக்கு, அந்த ஒரு மூலையைக்கூட இவர் விட்டு வெக்கல.

ஆக்‌ஷன் ஹாரர் கேம்ல பேய் துரத்தும், நாம ஓடுவோம், பயம் வர்றதுக்கு முன்னாடியே விரல் ஓடிடும். அதுல உடம்பு பயப்படுது. டர்ன் பேஸ்டுல, அதாவது முறை வெச்சு மாத்தி மாத்தி ஆடற கேம்ல, பேய் நிக்குது, நம்ம முறை வர்ற வரைக்கும் காத்துட்டு நிக்குது. தாக்கு, பேசு, தப்பி ஓடுன்னு கட்டம் கட்டமா கேள்வி கேக்குது. என்ன நடந்தாலும் அதை நான்தான் யோசிச்சு அமுக்கினேன்னு ஆயிடும். ஃப்ரெண்டு கேலி பண்ணின அந்த "வரிசையா நின்னு மாத்தி மாத்தி"தான் பயம் உக்காந்திருக்கற இடம்.

இதெல்லாம் புதுசுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 1989ல கேப்காம் ஜப்பான்ல ஃபேமிகாம்ங்கற நின்டெண்டோ கேம் மெஷினுக்கு ஸ்வீட் ஹோம்னு ஒரு ஆர்பிஜி விட்டாங்க. பாழடைஞ்ச மாளிகைக்குள்ள அஞ்சு பேர், ஒருத்தர் கிட்ட லைட்டர், ஒருத்தர் கிட்ட கேமரா, ஒருத்தர் கிட்ட முதலுதவிப் பெட்டி, இப்படி ஆளுக்கு ஒரு பொருள். யார் செத்தாலும் திரும்ப வர மாட்டாங்க. பையில இடம் கம்மி, எதை எடுக்கறது எதைப் போட்டுட்டுப் போறதுன்னு ஒவ்வொரு ரூம்லயும் தலையைப் பிச்சுக்கணும். இதை மறுபடி செய்யணும்னு ஆரம்பிச்சதுதான் 1996ல ரெசிடென்ட் ஈவிலா வந்து நின்னுச்சு. கதவு திறக்கற அந்த அனிமேஷன்கூட ஸ்வீட் ஹோம்லயே இருக்கு. சர்வைவல் ஹாரர்னு இன்னைக்கு கோடி கோடியா விக்கற வகைக்கு அம்மா ஒரு டர்ன் பேஸ்டு ஆர்பிஜி, இதை ஏன் யாருமே பேச மாட்டேங்கறாங்கன்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

பெரிய கம்பெனிங்க அந்தப் பாதையை விட்டுட்டு 3டி பக்கம் போயிட்டாங்க. பாதையைக் காப்பாத்தினது வீட்ல உக்காந்து செஞ்ச ஆளுங்க. ஜப்பான்ல 1992லயே ஆஸ்கி கம்பெனி ஆர்பிஜி செய்யறதுக்குன்னே ஒரு மென்பொருள் வித்தாங்க, இப்ப நாம ஆர்பிஜி மேக்கர்னு சொல்ற வரிசையோட ஆரம்பம் அது. கோடிங் தெரிய வேண்டாம், தரை, சுவர், ஆளு எல்லாம் கட்டம் கட்டமா வெச்சுக்கலாம், சண்டை மெனு அதுலயே இருக்கும். அதை வெச்சு 1996ல கார்ப்ஸ் பார்ட்டி வந்துச்சு. 2004ல யூமே நிக்கி. அதைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லியே ஆகணும்.

கிகியாமான்னு ஒருத்தர் செஞ்சது, அவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளியில தெரியாது. ஒரு பொண்ணு, மாடோட்சுகி, ரூமை விட்டு வெளிய போக மாட்டா, கதவுகிட்ட போனா தலையை ஆட்டி மாட்டேன்னுடுவா. தூங்கினா கனவு, கனவுக்குள்ள நாம நடக்கறோம். சண்டைன்னு ஒண்ணு இல்ல, என்ன செய்யணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அவ உருவத்தை, கையில இருக்கறதை மாத்தற 24 எஃபெக்ட் எங்கெங்கயோ ஒளிஞ்சிருக்கும். ஒரு வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு நிக்கும், சுவத்துல லைட் சுவிட்ச். போட்டா எரியும், அமுக்கினா அணையும், அவ்வளவுதான். ஆனா 64ல ஒரு தடவை, அணைக்கும்போது அந்தப் பொண்ணு முகம் வேற ஒண்ணா மாறி நிக்கும். எதுக்குன்னு விளக்கம் கிடையாது, கேமை முடிக்க அது தேவையும் கிடையாது. நான் சும்மா கை போன போக்குல சுவிட்சைத் தட்டிட்டே இருந்தேன், தட்டித் தட்டி சலிச்சுப்போய் வேற டேபைப் பாத்துட்டிருந்தப்போ பின்னணி சத்தம் மாறுச்சு, திரும்பிப் பாத்தேன். நாற்காலியை விட்டு எந்திரிச்சு ரூம் லைட்டைப் போட்டேன். சின்னச் சின்னப் புள்ளியால வரைஞ்ச முகம், கண்ணு எது வாய் எதுன்னு மூளையே பாதி போட்டு நிரப்பிக்கணும், அப்படி நாமளே நிரப்பினதை விட பயமானதை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் வரைஞ்சு காட்ட முடியாது.

2012ல ஒரு அலை அடிச்சுது, இப், மேட் ஃபாதர், தி விட்ச்சஸ் ஹவுஸ்னு வரிசையா. எல்லாமே அப்ப இலவசம், ரசிகர்கள் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துக் குடுத்தாங்க, யூடியூப்ல விளையாடிக் காட்டறவங்க அலறிட்டே விளையாடினாங்க, உலகம் பூரா பரவிடுச்சு. அதுல இப் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சின்னப் பொண்ணு ஒருத்தி ஓவிய கேலரிக்குள்ள மாட்டிக்கறா, அவ கையில ஒரு சிவப்பு ரோஜா, அதோட இதழ்தான் அவ உயிர். அடி பட்டா ஒரு இதழ் உதிரும், தண்ணி இருக்கற ஜாடியைக் கண்டுபிடிச்சு பூவை அதுல வெச்சா திரும்ப மலரும். எச்பின்னு ஒரு நம்பரை வெச்சிருந்தா யாரு கவலைப்பட்டிருப்பா, பூ வாடுதுன்னதும் மனசு பதறுது.

அப்புறம் கடை திறந்துச்சு. கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம், எந்த கேமை விக்கலாம்னு ஆளுங்க ஓட்டு போடற கிரீன்லைட்னு ஒண்ணை 2012ல ஆரம்பிச்சு, 2017ல 100 டாலர் கட்டினா யார் வேணா கேமை விக்கலாம்னு ஆக்குச்சு. தனியாளு செஞ்ச கேமும் பெரிய கம்பெனி கேமும் ஒரே கடையில. போலந்துல பல் டாக்டரா இருந்த ஒருத்தர் எம்எஸ் பெயிண்ட்ல படம் வரைஞ்சு வேர்ல்ட் ஆஃப் ஹாரர் செஞ்சாரு, 2020ல ஏர்லி ஆக்சஸ் (முடிக்கறதுக்கு முன்னாடியே விக்கறது), 2023ல முழுசா. ஓமோரி 2014ல கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டிட்டு 2020 கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் வந்துச்சு, ஆறு வருஷம், ஆனா காத்திருந்தவங்க கைவிடப்படல.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஃபியர் அண்ட் ஹங்கர்ல பாலியல் வன்முறை இருக்கு, அதுல சில இடங்கள் கதைக்கு எதுவுமே சேக்கல, அது இல்லாமலும் கேம் நடக்கற அந்த நிலவறை அதே அளவுக்கு பயமாத்தான் இருந்திருக்கும். சின்னப் பசங்க கைக்குப் போகவே கூடாத கேம், பெரியவங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். இன்னொண்ணு, இது ஹிட் ஆன பிறகு காசு சுண்டறதையும் கையை வெட்டறதையும் மட்டும் காப்பி அடிச்சு கேம் வருது, அதெல்லாம் கஷ்டமா மட்டும்தான் இருக்கு, பயமா இல்ல. ஹாவெரினென் கேம்ல விதி கொடூரமா இருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு, அடுத்த தடவை போகும்போது நமக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும். எக்ஸ்பி கேரக்டருக்கு ஏறல, விளையாடற நமக்கு ஏறுது.

2022ல வந்த ரெண்டாவது பாகம் டெர்மினால அவர் இன்னும் ஒரு படி போயிட்டாரு. 1942, ப்ரெஹெவில்னு ஒரு ஊர், 14 பேர், மூணு நாள், ஒருத்தரை ஒருத்தர் கொல்லணும்னு ஒரு திருவிழா. இங்க கட்டில்ல படுத்தா சேவ் ஆகும், ஆனா பொழுது நகரும். பொழுது நகர நகர மத்த ஆளுங்க ஒவ்வொருத்தரா சாவாங்க, இல்ல மிருகமா மாறிடுவாங்க. பேசிப் பழகி, சேத்துக்கலாம்னு நினைச்சு வெச்சிருந்த ஒருத்தி, நான் பயந்துபோய் ஒரு தடவை கூடுதலா சேவ் பண்ணினதால அடுத்த நாள் வேற உருவத்துல எதிர்ல வந்து நின்னா. அதுக்கப்புறம் மனுஷன் கட்டிலைப் பாத்தாலே தயங்கறான்.

இப்ப விளையாடிட்டிருக்கறது 2025ல வந்த லுக் அவுட்சைட். அபார்ட்மென்ட்ல 15 நாள் தாக்குப்பிடிக்கணும், ஜன்னல் வழியா வெளிய பாக்கக் கூடாது, பாத்தவங்க உடம்பெல்லாம் கண்டபடி உருமாறிடுது. அப்பப்ப யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க, லென்ஸ் வழியா பாத்துட்டு உள்ள விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.

அந்த ஃப்ரெண்டுக்கு நேத்து இப் வாங்கி கிஃப்ட் பண்ணியிருக்கேன், புது வெர்ஷன், 2022ல வந்தது. யூமே நிக்கி ஸ்டீம்ல இலவசமாவே இருக்கு, காசு போட வேண்டாம்னு நினைக்கறவங்க அதுல ஆரம்பிங்க. ஹெட்போன் போட்டுக்கோங்க, கேமோட ரகசியமெல்லாம் எழுதி வெச்சிருக்கற விக்கி பக்கம் முதல் ரெண்டு நாள் போகாதீங்க. அவன் காலைல மெசேஜ் அனுப்பியிருந்தான், "மச்சான் ரோஜால ரெண்டு இதழ்தான் மிச்சம், ஜாடி எங்கடா இருக்கு"ன்னு. நான் சொல்லல.