கல்வாரி என்ற பெயர் 21 வருஷம் காலியாகக் கிடந்தது ஏன்?

டிசம்பர் 8 வந்தால் நேவியில் சப்மரைன் தினம். "பழைய கப்பல்கள் சாவதில்லை" என்ற வாசகத்தோடு கல்வாரி படம் எல்லோர் பக்கத்திலும் வரும். 1967-ல் அந்தத் தேதியில்தான் நம் முதல் நீர்மூழ்கி கல்வாரி, அன்றைய சோவியத் யூனியனின் ரிகா துறைமுகத்தில் கொடியேற்றியது. 1996 மே மாதம் ஓய்வு பெற்றது. அதே பெயரோடு அடுத்த நீர்மூழ்கி 2017 டிசம்பர் 14-ல் மும்பையில் வந்து சேர்ந்தது. பெயரைக் கைமாற்றித் தரும் வழக்கம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் உள்ள 21 வருஷத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் கல்வாரி என்றதும் சிலுவை மலைதான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. புலிச்சுறாவுக்கு மலையாளக் கரையில் சொல்லும் பெயர் என்பது நேவி தரும் விளக்கம். இதேபோல் பழைய நீர்மூழ்கியிலிருந்து புதியதற்குக் கைமாறிய வேலா என்ற பெயருக்குத் திருக்கை குடும்பத்து மீன் என்கிறார்கள். நம் கடற்கரைகளில் வேளா என்றால் ரம்பம் போல் நீண்ட மூக்குள்ள மீன். பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் விலங்கியல்படி அதுவும் திருக்கை வகைதான். நேவி இந்த மீனைத்தான் நினைத்துப் பெயர் வைத்ததா என்பது வேறு விஷயம், பொருத்தமென்னவோ நன்றாக அமைந்துவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். கல்வாரியோடு இன்னும் ஐந்து பழைய நீர்மூழ்கிகளின் பெயர்களும் இப்படித்தான் புதியவற்றுக்கு வந்தன. கந்தேரி 1989-ல் போய் 2019-ல் திரும்பியது, 30 வருஷம். வாக்ஷீர் 1997-ல் போய் 2025 ஜனவரியில். வாகிர் 2001-ல் இருந்து 2023 வரை. கரஞ்ச் 2003-ல் இருந்து 2021 வரை. வேலா மட்டும் 37 வருஷம் உழைத்துவிட்டு 2010-ல்தான் ஓய்வு பெற்றதால் அதன் பெயர் 11 வருஷமே காத்திருந்தது. புதிய கரஞ்ச் நேவியில் சேர்ந்த விழாவுக்குத் தலைமை விருந்தினராக வந்தவர் முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் ஷெகாவத். 1971 போரில் பழைய கரஞ்சுக்கு கேப்டனாக இருந்தவரே அவர்தான். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இத்தனை தாமதம் எதனால்? பணமில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. 1981-ல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, இரண்டு நீர்மூழ்கிகளை அங்கே கட்டினார்கள், இரண்டை மும்பையின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டினார்கள். மும்பையில் பிறந்த ஷல்கி 1992-லும் ஷங்குல் 1994-லும் சேர்ந்தன. 1987-ல் இந்த ஒப்பந்தத்தில் கமிஷன் கைமாறியதாகப் புகார் கிளம்பியதோடு அடுத்த இரண்டு கட்டும் பேச்சு நின்றுபோனது. அடுத்த ஒப்பந்தம் 2005 அக்டோபரில், பிரெஞ்சு ஸ்கார்ப்பீன் ரக நீர்மூழ்கிகள் ஆறுக்கு; புதிய கல்வாரி அதில் முதலாவது. கல்வாரிக்கு முதல் இரும்புத் தகடு வெட்டியது 2006 டிசம்பரில். ஷங்குல் முடிந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு புது நீர்மூழ்கிக்கும் அங்கே வெல்டிங் நடக்கவில்லை. கற்றுக்கொண்ட கை சும்மா இருந்தால் மறந்துபோகும்.

வெல்டிங்கில் அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: நீர்மூழ்கியின் உள் உடம்பு சுமார் ஆறு மீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குழாய். 300 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிலோ அழுத்தம். உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு, 3 டன். குழாய் சரியான வட்டமாக இருந்தால் அந்தப் பாரம் சுற்றிலும் சமமாக நெருக்கும், இரும்பு தாங்கும். வெல்டிங் சூட்டில் வட்டம் கொஞ்சம் நசுங்கியிருந்தால் அதே பாரம் அந்த இடத்தை வளைக்கப் பார்க்கும். அங்கேதான் உடம்பு மடங்கும். அதனால் வட்டத்தை அளந்து அளந்துதான் பற்றவைக்க வேண்டும், பற்றவைத்த ஒவ்வொரு தையலையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளே காற்றுப்புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். கல்வாரியின் ஐந்து பகுதிகளை இப்படி ஒரே உடம்பாகச் சேர்த்து முடித்தது 2014 ஜூலையில். உள்ளே சுமார் 60 கிலோமீட்டர் கேபிள், 11 கிலோமீட்டர் பைப். ஒரு பைப் தப்பான இடத்தில் போய்விட்டால் அதற்கு முன்னால் நிற்கும் நாலைக் கழற்றாமல் கை நுழையாது.

பழைய கல்வாரி 91 மீட்டர் நீளம், மூன்று புரொப்பல்லர், டார்பிடோ என்ற நீரடி ஏவுகணையை விட முன்னால் ஆறும் பின்னால் நாலுமாகப் பத்து குழாய்கள். புதியது 67.5 மீட்டர், ஒரே புரொப்பல்லர், முன்னால் மட்டும் ஆறு குழாய்கள். மாறாதது பேட்டரித் தலைவலி. புதியதில் 360 செல், ஒவ்வொன்றும் 750 கிலோ, மொத்தம் 270 டன். சார்ஜ் ஏற்ற டீசல் இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜினுக்குக் காற்று வேண்டும். அதற்காக மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குழாயை நீட்ட வேண்டும். அலை மேலேறினால் குழாயின் மூடி தானே மூடிக்கொள்ளும். இன்ஜினோ நிற்காமல் உள்ளே இருக்கும் காற்றையே இழுக்கும், எல்லோருக்கும் காது அடைக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு தீப்பொறி போதும். எதிரி ரேடாரில் சிக்குவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இந்த மூச்சுவாங்கலைக் குறைக்கத்தான் ஏ.ஐ.பி, அதாவது வெளிக்காற்று இல்லாமல் நீருக்கடியிலேயே மின்சாரம் தரும் அமைப்பு. அதைப் பொருத்த வேண்டுமானால், பாடுபட்டு ஒட்டிய உடம்பைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு புதுத் துண்டைச் செருகி, மறுபடி பற்றவைக்க வேண்டும். அந்தத் துண்டுக்கான சுமார் 1,990 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பர் 30-ல். ஆறாவது நீர்மூழ்கியான வாக்ஷீர் நேவியில் சேர இரண்டு வாரம் இருக்கும்போது! முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று சொன்னால் கோபப்படுகிறார்கள்.

டார்பிடோ கதை இன்னும் மோசம். இதற்கென்று தேர்ந்தெடுத்த இத்தாலிய பிளாக் ஷார்க் டார்பிடோ, அதைச் செய்த குழுமத்தின் ஹெலிகாப்டர் ஊழல் விவகாரத்தில் ரத்தானது. புலிச்சுறா பெயரோடு 2017-ல் வந்த கப்பலுக்குப் பழைய எஸ்.யூ.டி டார்பிடோதான் பல். விழா மேடையில் பெயரின் பெருமையைப் பேசியவர்கள் இதைப் பேசவில்லை.

இன்னொரு வேடிக்கை. பெயரைத் திரும்பக் கொடுத்தவர்கள் கப்பலின் அடையாள எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பழைய கல்வாரி எஸ் 23, கரஞ்ச் எஸ் 21. இப்போது கல்வாரி எஸ் 21, கரஞ்ச் எஸ் 23. கந்தேரி மட்டும் அன்றும் இன்றும் எஸ் 22. பழைய போட்டோவில் எண்ணை மட்டும் பார்த்துக் கப்பல் பெயரை எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பழைய சோவியத் நீர்மூழ்கிகள் மொத்தம் எட்டு. அவற்றில் இரண்டு பெயர்கள் திரும்பி வரவில்லை. குர்சுரா விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. வாக்லியை மாமல்லபுரத்தில் அதேபோல் நிறுத்தப் போவதாகச் சொல்லிச் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்தார்கள். மாமல்லபுரம் போய்ச் சேரவே இல்லை. 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற அந்தப் பெயரை இந்த ஆறில் ஒன்றுக்கும் வைக்கவில்லை.