பார்க்கர்-கிரே என்றே பெயர் வைத்திருக்க வேண்டும்

எங்கள் மகள் படித்து முடித்த பள்ளியின் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரிவதில்லை. அதன் விளையாட்டு அணியின் பெயரான “டைட்டன்ஸ்” என்பதைச் சொன்னவுடன், “அந்த ஃபுட்பால் படத்தில் வருகிற பள்ளியா?” என்று முகம் மலரக் கேட்கிறார்கள். வாஷிங்டனை ஒட்டி, போடோமேக் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் அலெக்சாண்டிரியா நகரத்தின் அரசுப் பள்ளி அது. 1965-இல் திறக்கப்பட்டபோது டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்று பெயர். 2021 ஜூலை முதல் அலெக்சாண்டிரியா நகர உயர்நிலைப் பள்ளி. அந்தப் பெயர் மாற்றத்தை நான் முழு மனதோடு ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் பழைய பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த பெயரில் எனக்கு உடன்பாடில்லை. இதே ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக இயங்கிய பார்க்கர்-கிரே பள்ளியின் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். டென்சல் வாஷிங்டன் நடித்து 2000-இல் வெளிவந்த ‘ரிமெம்பர் தி டைட்டன்ஸ்’, 1971-இல் இந்தப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி பெற்ற வெற்றியைச் சொல்வது. அந்த ஆண்டு நகரத்தின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளிலும் இருந்த கடைசி இரண்டு வகுப்பு மாணவர்கள் அனைவரும் இங்கே ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள் என்பதும், ஹெர்மன் பூன் என்ற கறுப்பினப் பயிற்சியாளரும் பில் யோஸ்ட் என்ற வெள்ளையினப் பயிற்சியாளரும் சேர்ந்து அந்த அணியை 13 ஆட்டங்களிலும் வெல்ல வைத்தார்கள் என்பதும் உண்மை. இறுதி ஆட்டம் கடைசி நொடி வரை இழுபறியாக நடந்ததாகப் படம் காட்டுகிறது. உண்மையில் ரோனோக் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் டைட்டன்ஸ் 27–0 என்று வென்றார்கள். சினிமாவுக்காகச் செய்த இப்படிப்பட்ட மாற்றங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. அந்த நகரத்தில் கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஒரே பள்ளியில் படிப்பது 1971-இல்தான் தொடங்கியது என்ற எண்ணத்தைப் படம் விதைத்துவிட்டதுதான் எனக்குக் குறை. அந்த எண்ணம் வேரூன்றியதால், அதற்கு முன்பு பல ஆண்டுகள் போராடியவர்கள் கதைக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

பள்ளியின் பழைய பெயருக்கு உரியவரான தாமஸ் சேம்ப்ளிஸ் வில்லியம்ஸ் சுமார் 30 ஆண்டுகள் இந்நகரத்தின் கல்விக் கண்காணிப்பாளராக இருந்தவர். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த பிறகும் பிரிவினையை விடாமல் கட்டிக் காத்தவர். 1958-இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்த ப்லோயிஸ் ஹண்ட்லி என்ற பெண்மணி, தம் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரிய வழக்கில் தம் பெயரையும் சேர்த்தார். அதற்காக வில்லியம்ஸ் அவரை வேலையை விட்டே நீக்கினார். ஒரு தாய், தாம் நாள்தோறும் சோறாக்கிப் போடும் அதே நிர்வாகத்திடம், என் பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டதற்குக் கிடைத்த தண்டனை அது. அந்த வழக்கில்தான் நீதிபதி உத்தரவிட்டு, 1959 பிப்ரவரி 10 அன்று 9 கறுப்பினப் பிள்ளைகள் அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே இருந்த மூன்று பள்ளிகளில் காலடி வைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, ஆறே ஆண்டுகள் கழித்துத் திறந்த புதிய பள்ளிக்கு வில்லியம்ஸின் பெயரை வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெயர் நீடித்தது.

இப்போது பார்க்கர்-கிரேக்கு வருகிறேன். வைத் தெருவில் 1920-இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்காக அதற்கு முன்பு இயங்கிய ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி இரண்டின் தலைமை ஆசிரியர்களான ஜான் பார்க்கர், சாரா கிரே ஆகியோரின் பெயரைத் தாங்கியது. தொடக்கத்தில் அங்கே உயர்நிலை வகுப்புகள் கிடையாது. மேலே படிக்க விரும்பிய கறுப்பினப் பிள்ளைகள் டிராம் ஏறி, ஆற்றைக் கடந்து வாஷிங்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். அப்படிப் போய் வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் டக்கர். 1927-இல், 14 வயதில், தம் சகோதரர்களோடு டிராமில் வந்தபோது, ஒரு வெள்ளையினப் பெண்ணுக்கு இருக்கையை விட்டு எழ மறுத்தார்கள் என்று அந்தச் சிறுவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டில்தான் விடுதலை கிடைத்தது. டக்கர் சட்டக் கல்லூரிக்கே போகாமல் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்த புத்தகங்களைப் படித்தே வழக்கறிஞரானார். 1939 ஆகஸ்ட் 21 அன்று, குவீன் தெருவிலிருந்த நகர நூலகத்துக்கு ஐந்து இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சென்று, உறுப்பினர் அட்டை கேட்டு, மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெவ்வேறு மேசைகளில் அமர்ந்து அமைதியாகப் படிக்கத் தொடங்கினார்கள். அதைத் திட்டமிட்டவர் டக்கர். படித்துக்கொண்டிருந்ததற்காக அவர்களைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு நகராட்சி கறுப்பினத்தவருக்கென்று வைத் தெருவிலேயே ஒரு சிறு நூலகத்தைக் கட்டிக் கொடுத்தபோது, அதன் உறுப்பினர் அட்டையை ஏற்க மாட்டேன் என்று டக்கர் எழுதி அனுப்பினார். அந்தச் சிறு கட்டடம்தான் இன்று கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நேரெதிரே, முதல் பார்க்கர்-கிரே பள்ளி இருந்த இடத்தில், இப்போது நகராட்சியின் பொழுதுபோக்கு மையம் ஒன்று உள்ளது. இந்த ஊரில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் ஒரு சனிக்கிழமையாவது பிள்ளைகளை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்கர்-கிரே 1950-இல் மேடிசன் தெருவில் தனி உயர்நிலைப் பள்ளியாகப் புதிய கட்டடம் கண்டது. 1965-இல் உயர்நிலைப் பள்ளி என்ற நிலையை இழந்தது. கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளின் இணைப்பு என்று நாம் பெருமையோடு சொல்வதன் மறுபக்கம் இது: வெள்ளையர் பள்ளிகள் பெயரோடும் கோப்பைகளோடும் நீடிக்க, கறுப்பினத்தவர் பல காலம் போராடிப் பெற்ற பள்ளி, அதன் பாட்டு, அதன் அணி எல்லாம் மறைந்தன. தென் மாநிலங்கள் முழுவதும் இதே கதைதான். பிரிவினை ஒழிய வேண்டியதுதான். அதற்காகப் பார்க்கர்-கிரேயின் பெயரும் ஒழிய வேண்டியிருந்ததா?

இன்றைய பள்ளி நிற்கும் நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கிங் தெருவை ஒட்டிய அந்த இடத்தில் தலைமுறைகளாகக் கறுப்பினக் குடும்பங்கள் வீடு கட்டி வாழ்ந்து வந்தன. பள்ளி கட்டுவதற்காக 1960-களின் தொடக்கத்தில் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. சில குடும்பங்களைப் பள்ளியை ஒட்டியே புதிய வீடுகளில் குடியமர்த்தினார்கள். பிற்காலத்தில் விளையாட்டு அரங்கத்துக்கு உயர விளக்குகள் போடும் பேச்சு எழுந்தபோது, அன்று எங்களுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். விளக்குகள் வந்துவிட்டன.

2020 நவம்பரில் பள்ளி வாரியம் வில்லியம்ஸின் பெயரை நீக்க முடிவெடுத்த அதே நேரத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கடற்படை அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய தொடக்கப் பள்ளியின் பெயரையும் மாற்றத் தீர்மானித்தது. அந்தத் தொடக்கப் பள்ளிக்கு, இவ்வூரிலேயே பல்லாண்டு பாடம் சொல்லிக் கொடுத்த கறுப்பின ஆசிரியை நயோமி புரூக்ஸின் பெயரைச் சூட்டினார்கள். மிகச் சரியான தேர்வு. உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் ஊரின் பெயரே போதும் என்று முடிவானது. நகரம் முழுவதற்கும் இது பொதுப் பள்ளி, எந்த மனிதரின் பெயரும் நாளை சர்ச்சையாகலாம் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கரும் கிரேயும் ஆட்சி செலுத்தியவர்கள் அல்லர், ஆசிரியர்கள். அவர்கள் பெயரில் இயங்கிய பள்ளிதான் எர்ல் லாய்டை உருவாக்கியது. 1950-இல், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-வின் ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரர் அவர். இன்றைய பள்ளியின் கூடைப்பந்துக் களத்துக்கு அவர் பெயர்தான். அதாவது, களத்துக்கு லாய்டின் பெயர், விளையாட்டு அரங்கத்துக்குப் பார்க்கர்-கிரே நினைவுப் பெயர். மகள் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த அரங்கப் படிகளில் உட்கார்ந்து எத்தனையோ ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். யார் பார்க்கர், யார் கிரே என்று பக்கத்தில் இருந்த பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்றுதான் பதில் வந்தது. எனக்கும் முதல் ஓராண்டு தெரியாது. டிராம் ஏறிப் போய்ப் படித்தவர்களின் நினைவு, அவர்கள் கேட்ட வகுப்பறையின் வாசலில் அல்லவா இருக்க வேண்டும்?

பெயர்ப் பலகை மாற்றிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன; இப்போதே இன்னொரு மாற்றமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உடனே நடக்காது என்பது எனக்கும் தெரியும். பள்ளி வாரியக் கூட்டங்களில் ஊர் மக்கள் எழுந்து பேசுவதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள். அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்கப் போகிறேன். எனக்குக் கிடைக்கும் நேரத்தில் ப்லோயிஸ் ஹண்ட்லியில் தொடங்கி ஜான் பார்க்கர், சாரா கிரே வரை சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். உடன் வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.