எட்ட இருப்பவரின் தலைமையை எதைக் கொண்டு அளப்பது?

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் அமர்ந்து, மூன்று ஊர்களில் இருக்கும் ஒன்பது பேர் கொண்ட குழுவை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எத்தனை மணி நேரம் இணைப்பில் இருந்தேன், எத்தனை காணொளிக் கூட்டங்களைக் கூட்டினேன், எவ்வளவு விரைவாகப் பதில் எழுதினேன் என்பவற்றைக் கூட்டித்தான் என் தலைமைத் திறனுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

2022-இல் மைக்ரோசாஃப்ட் 11 நாடுகளில் 20,000 பேரிடம் நடத்திய ஆய்வில், தாங்கள் நன்றாக வேலை செய்வதாக 87 விழுக்காட்டு ஊழியர்கள் சொல்ல, தம் குழுவினரை முழுமையாக நம்பிய தலைவர்களோ 12 விழுக்காட்டினரே. அந்த நம்பிக்கைக் குறைவுதான் நேரக் கணக்காக உருவெடுக்கிறது.

எட்ட இருந்து ஆளை மதிப்பிடுவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. எங்கள் ஐயா (தாத்தா) இரங்கூனில் இருந்த வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சிறுவனாகச் சென்று, மேலாளுக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளாகி, பின்பு கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர். சம்பளச் சீட்டு என்னும் பணி ஒப்பந்தத்தை எழுதி, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிய மேலாள் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறந்தார் என்பதை ஊரில் இருந்த முதலாளியால் அறியவே முடியாது. கடையிலிருந்து வந்த கடிதங்களையும் ஐந்தொகையையும், தவணை முடிவில் அடுத்த மேலாளிடம் பேரேடும் நிலுவையும் எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டன என்பதையும் வைத்தே அவர் ஆளை எடைபோட்டார். பெட்டியடிப் பையனுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஐந்தொகையில் இடமில்லை. அது அந்த முறையின் குறை. ஆனாலும் ஒப்படைப்பைப் பார்த்தார்களே, அதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

சென்ற ஆண்டு அப்பச்சியின் (அப்பாவின்) சதாபிஷேகத்துக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். அந்த நாட்களில் குழுவினர் இரண்டு பெரிய முடிவுகளை எடுத்து, ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதிவைத்திருந்தார்கள். பணியில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண், தன் கணக்கில் நேர்ந்த பிழையை யாரும் கண்டுபிடிக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிவித்திருந்தார். நான்கு ஆண்டுகளில் நான் செய்த வேலையின் பலனை அப்போதுதான் கண்ணால் கண்டேன். என் மதிப்பெண் குறைந்ததும் அதே மாதத்தில்தான்.

வரும் மதிப்பீட்டில் ஒவ்வொரு குழுத்தலைவரையும் இரண்டு வாரம் விலக்கிவைத்து, எந்த வேலை தேங்கியது, எது தானாக நடந்தது, கெட்ட செய்தி எத்தனை நாளில் வெளிவந்தது என்று பார்க்குமாறு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். முதலில் என்னையே விலக்கிவைத்துப் பார்க்கும்படியும் கேட்டிருக்கிறேன்.