மாநகர சபைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது

"மாநகர சபை ஆக்களுக்கும் வருசம் 14 நாள் லீவும் 7 நாள் அமைய (casual) லீவும்தான்" எண்டு எழுதியிருக்கிறியள் அண்ணை. அது கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்ர கணக்கு. தனியார் கடையள், கொம்பனியளுக்கு உரியது. யாழ்ப்பாண மாநகர சபையின்ர நிரந்தர ஊழியர் மாகாண அரச சேவைக்குள்ள வருவினம். அரச ஊழியரின்ர சேவை விதியள் இருக்கிற தாபனக்கோவையின்ர 12ஆம் அத்தியாயப்படி அவைக்கு அமைய லீவு 21 நாள், ஓய்வு (vacation) லீவு 24 நாள். எடுக்காத அமைய லீவு வருசம் முடிய அதோட சரி. அதுக்காக 45 நாள் கையில கிடக்கெண்டு நல்லூர்த் திருவிழா 25 நாளும் நினைச்சபாட்டில வீட்டில நிக்கேலாது (நிக்க ஆசைதான்!). முன்கூட்டியே விண்ணப்பிச்சு மேலதிகாரியின்ர அனுமதி எடுக்க வேணும். நாள் சம்பளத்துக்கு வேலை செய்யிறவையின்ர நிலைமை வேற, அதை இதோட சேர்த்துக் குழப்பாதேங்கோ.