உடைத்துப் போட்ட பாட்டிலும் யானைத் தடமும்

மூன்று நாளாகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் கிளம்பினேன். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது என்று தெரியும். ஆனால் வளைவுகளில் மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு தரைப்பாலத்தை ஒட்டி நிறுத்தினேன். முந்தின நாள் மழையில் ஓடை மணல் ஈரமாக இருந்தது. அதில் ஒரு யானைத் தடம். முறத்தை வைத்து அழுத்தியது போல வட்டமாக, பாத வெடிப்புகள்கூடக் கோடு கோடாகப் பதிந்திருந்தது. "இதோ பாரு பாப்பா" என்று காட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தடத்துக்கு ஒரு முழம் தள்ளி பீர் பாட்டிலின் அடிப்பாகம் கிடந்தது. உடைந்த முனைகள் மேலே பார்த்தபடி மணலில் குத்தி நின்றது.

பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு கார். நான்கு பேர். காரின் பாட்டுச் சத்தம் காட்டையே நிறைத்தது. கையிலிருந்த பாட்டிலை ஒருத்தன் கீழே பாறையில் ஓங்கி அடிக்கிறான், மற்ற மூன்று பேர் கைதட்டிச் சிரிக்கிறார்கள். "தம்பி, யானை நடக்கிற இடம்ப்பா, உடைக்காதீங்க" என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன். "அண்ணா, இது காடு. உங்க வீட்டு வாசலா?" என்கிறான்.

வாசல்தான்டா! எத்தனையோ உயிருக்கு வாசல். என் அம்மா சின்ன வயதில் வெறுங்காலோடு விறகு பொறுக்கிய காடு. இன்றைக்கும் மலைக்கிராமத்து ஆட்கள் மாடு ஓட்டிக்கொண்டு போகிற தடம். 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளையும் வனவிலங்கு சரணாலயங்களாக அறிவித்தார்கள். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,190 சதுர கிலோமீட்டர். கர்நாடகப் பக்கத்துச் சரணாலயத்தோடும் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவோடும் ஒட்டி ஒரே தொடர்ச்சியாகக் கிடக்கிற காடு இது. யானைக்கு எல்லை ஏது? தலைமுறை தலைமுறையாகப் போன வழியில்தான் அது போகும். ஓடைகள் வற்றினால் தண்ணீருக்குக் காவிரிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

யானைக்காலை இரும்புத் தூண் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பாதம் மெத்தை மாதிரி. உள்ளே கொழுப்பும் நார்த்திசுவுமாக இருப்பதால்தான் அத்தனை பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் நடக்கிறது. அதில் கண்ணாடித் துண்டு ஏறினால் யார் எடுத்துவிடுவது? ஒவ்வொரு அடிக்கும் ஆழமாக இறங்கும். சீழ் வைக்கும். மற்ற யானைகளோடு நடக்க முடியாது, தண்ணீருக்குப் போக முடியாது, படுத்தால் எழ முடியாது. இவன்களுடைய ஐந்து நிமிடக் கும்மாளத்துக்கு அது வாரக்கணக்கில் துடித்துச் சாக வேண்டுமா? 22 மாதம் வயிற்றில் சுமந்து பெறுகிற குட்டி அது!

குடிப்பது உங்கள் பாடு. உடைப்பது எதற்கு? முழுசாகப் போட்டாலாவது யாராவது பொறுக்கிப் பழைய கடையில் போடுவார்கள். நீலகிரியில் 2022-லேயே நீதிமன்ற உத்தரவின் பேரில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். அதுவும் உடையாத பாட்டில் கைக்கு வந்தால்தானே! நாங்கள் போன வழியில் இருந்த சோதனைச் சாவடியிலும் "எங்க போறீங்க" என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை, என் வண்டியையும் சரி, முன்னால் போன வண்டியையும் சரி. உள்ளே போகும்போது பாட்டிலை எண்ணி எழுதுங்கள். வெளியே வரும்போது அத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அபராதம் போடுங்கள். இதற்குப் பெரிய திட்டமா வேண்டும்? ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

சிப்ஸ் கவரும் பிரியாணிப் பொட்டலமும் வழியெங்கும் கிடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

அந்த நான்கு பேர் போன பிறகு அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க காலத்துல முள்ளுதான் குத்தும். முள்ள புடுங்கிட்டு நடந்துடுவோம்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். யானை வருமோ என்ற பயத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கில் கொட்டிப் பார்த்தோம். ஓடையில் கிடந்த அந்த பாட்டிலின் அடிப்பாகம் இருக்கிறது, பக்கவாட்டுச் சில்லுகளும் இருக்கின்றன. கழுத்துப் பகுதியைக் காணோம். அது இன்னும் அந்த மணலுக்குள்தான் கிடக்கிறது.