லாரிக்கு ஷாக் அப்சார்பர் வாங்கப் போகும் முன் அளவு டேப்பை எடுங்கள்

நாமக்கல் பக்கம் பழைய லாரிக்காரர்களிடம் கேட்டால் "ஷாக் எதுக்குங்க, பட்டைதானே பாரம் தாங்குது" என்பார்கள். பட்டை என்பது அடியில் இரும்பு இலைகளை அடுக்கிய ஸ்பிரிங், பாரம் தாங்குவது அதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஆட்கள் கடைக்குப் போனால் "லோடு அதிகமுங்க, இருக்கறதுலயே கெட்டியான ஷாக்காக் குடுங்க" என்று கேட்கிறார்கள். இந்தக் குழப்பத்தில் எத்தனை பேர் காசைத் தொலைக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழியில் இறங்கி ஏறிய பட்டை சும்மா நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியாக வால்வைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அந்த ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. டயரைத் தரையோடு ஒட்ட வைப்பதுதான் அதன் வேலை, பாரம் தூக்குவது அதன் கணக்கிலேயே வராது. பல இலை அடுக்கிய பட்டையில் ஒன்றோடு ஒன்று உரசியே கொஞ்சம் ஆட்டம் அடங்கிவிடும், நம் ஊர்க் கனரக வண்டிகள் பலவற்றில் பின்னால் ஷாக்கே இல்லாமல் ஓடுவது அதனால்தான். பாராபோலிக் பட்டையில் இலையும் குறைவு, உரசலும் குறைவு, அங்கே ஷாக் செத்தால் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு உடனே தெரியும்.

எனக்குப் பாடம் தொப்பூர் கணவாயில் கிடைத்தது. எங்கள் வண்டியின் முன் பக்கப் பட்டையில் கூடுதலாக ஒரு இலை ஏற்றியிருந்தோம். ஷாக்கை வண்டி மாடல் பெயரைச் சொல்லி வாங்கி மாட்டினோம், தடிமனாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இலை ஏற்றியதில் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், உயர்ந்துவிட்டது, காலி வண்டியில் அந்த ஷாக் முக்கால்வாசிக்கு மேல் நீண்டு கயிறு போல இழுத்துக்கொண்டு நின்றதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. காலியாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் குழிக்குக் குழி அது கடைசி வரை இழுபட்டிருக்கிறது. மூன்றே மாதம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு லோடோடு கணவாய் இறங்கும்போது பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரம் தத்துகிறது, ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக் எதைப் பிடிக்கும்? எப்படியோ முதல் கியரிலேயே உருட்டிக் கீழே கொண்டு வந்து சேர்த்தேன்.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் படுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஆயில் வழிந்து மண்ணோடு சேறாக அப்பியிருந்தது, கீழ்ப்புஷ் ரப்பர் கிழிந்து, ஷாக்கை மாட்டும் வளையமான கண்ணின் வெல்டிங்கில் விரிசல். அப்புறம் டயரைக் காட்டி, "கண்ணு, கையை வெச்சுச் சுத்தித் தடவிப் பாரு" என்றார். சக்கரம் தத்தியதில் டயர் அங்கங்கே தேய்ந்து மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அந்த ஒரு டயர் காசுக்கு எத்தனை ஜோடி ஷாக் வாங்கியிருக்கலாம்!

அதற்குப் பிறகு நான் டேப் இல்லாமல் கடைக்குப் போவதில்லை. மேல் கண் நடுவிலிருந்து கீழ்க் கண் நடு வரை காலி வண்டியில் ஒரு அளவு, முழு லோடில் ஒரு அளவு. வாங்கப் போகும் ஷாக்கை முழுசாக மூடி ஒரு அளவு, முழுசாக இழுத்து ஒரு அளவு. நம் வண்டியின் இரண்டு அளவும் இதற்கு நடுவில் விழ வேண்டும், இரு பக்கமும் தாராளமாக இடம் இருக்க வேண்டும். ஆக்ஸில் மேலே போய், அதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்போதும் ஷாக் முழுசாக மூடிவிடக் கூடாது, மூடினால் அடி நேராக பிராக்கெட்டில்தான் இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இன்னும் கவனம், அங்கே பாரம் தாங்கும் காற்றுப் பலூன் அளவுக்கு மேல் விரியாமல் தடுப்பதே பெரும்பாலும் ஷாக்தான், நீளம் கூடினால் பலூன் காலி.

கெட்டியானது வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். தேவைக்கு மேல் கெட்டியாகப் போட்டால் காலி வண்டி குதிக்கும், டிரைவர் முதுகு உடையும். கேஸ் ஷாக் தானாக நீள்வதைப் பார்த்து "செம பவர்" என்று நினைப்பதும் தப்பு, உள்ளே நைட்ரஜன் வைப்பது ஆயில் நுரைக்காமல் இருக்கத்தான். கேப்ரியலோ வேறு கம்பெனியோ, பெயருக்காக நான் சண்டை போட மாட்டேன். கண் வெல்டிங் சுத்தமாக இருக்கிறதா, உள்ளே போய் வரும் ராடின் முலாமில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். நட்டை இறுக்க அந்த ராடில் பிளையர் போடும் பையன்களைத் தயவுசெய்து தடுங்கள், அந்தக் கீறல்தான் ஆயிலை அடைத்து வைக்கும் சீல் ரப்பரை அறுக்கிறது.

ஒன்று போனாலும் ஜோடியாக மாற்றுங்கள். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுங்கள், உள்குழாயில் சிக்கிய காற்று விலகட்டும். புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது கடைசியாக இறுக்குங்கள், ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு மோசமான ரோட்டில் ஒரு முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு ஷாக் பக்கமும் கையைக் கொண்டு போங்கள், சுடும், பார்த்து. ஒன்று சூடாகவும் ஒன்று ஜில்லென்றும் இருந்தால் ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை.

பாராபோலிக் பட்டை வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுகிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள், காலி வண்டி அளவையும் சேர்த்துப் போட்டால் நம் ஆட்களுக்கு உதவும்.